கை ஒரு பக்கம், கண் ஒரு பக்கம்: துப்பாக்கி சுடுதலில் ஆதிக்கக் கண் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறை, நாகப்பட்டினம் பக்கங்களிலிருந்து பள்ளி வழியாகவும் என்.சி.சி. வழியாகவும் துப்பாக்கி சுடுதலுக்கு வருகிற பிள்ளைகள், அவர்களுடைய பெற்றோர், அவர்களுக்குக் கற்றுக்கொடுப்பவர்கள் ஆகியோருக்காக இந்தப் பக்கம். எந்தத் தோளில் துப்பாக்கியை வைப்பது என்பது முதல் வாரத்திலேயே முடிவாகிவிடுகிறது. பெரும்பாலும் யாரும் யோசிக்காமலே முடிவாகிறது என்பதுதான் சிக்கல். எங்கள் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: ரைபிளுக்கும் ஷாட்கன்னுக்கும் கண்ணைப் பார்த்துத் தோளை முடிவு செய்யுங்கள், பிஸ்டலுக்குக் கையைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

ஆதிக்கக் கண் என்றால் என்ன?

இரண்டு கண்ணையும் திறந்து வைத்துக்கொண்டு தூரத்தில் உள்ள ஒன்றை நோக்கி விரலை நீட்டுங்கள். விரல் நடுமூக்குக்கு நேராக நிற்காது; ஏதோ ஒரு கண்ணுக்கும் அந்தப் பொருளுக்கும் இடையிலான கோட்டில் போய் நிற்கும். மூளை குறிபார்க்கத் தேர்ந்தெடுத்த அந்தக் கண்தான் ஆதிக்கக் கண். நெடுநாளாக அறியப்பட்ட விஷயம்தான் இது. இத்தாலியரான ஜாம்பட்டிஸ்டா டெல்லா போர்ட்டா 1593-ல் வெளியிட்ட ஒளியியல் நூலிலேயே இதைச் சோதிக்கும் முறையை எழுதியிருக்கிறார்.

பார்வைக் கூர்மை வேறு, ஆதிக்கம் வேறு. இரண்டு கண்ணும் 6/6 இருப்பவருக்கும் ஆதிக்கக் கண் உண்டு. கொஞ்சம் மங்கலான கண்ணே ஆதிக்கக் கண்ணாக இருப்பதும் உண்டு.

வலது கைக்காரர் என்றால் வலது கண்தானே?

அப்படி நினைத்துத்தான் பலர் தவறான தோளில் தொடங்குகிறார்கள். இடது கைப் பழக்கம் உள்ளவர்கள் ஏறத்தாழ 10 விழுக்காடு. இடது கண் ஆதிக்கமோ ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு. ஆகவே வலது கையால் எல்லாம் செய்து, இடது கண்ணால் குறிபார்ப்பவர்கள் நிறையப் பேர். 30 பேர் வரிசையாக நின்றால் எட்டுப் பத்துப் பேருக்கு இடது கண் என்று எதிர்பார்த்தே பயிற்சியாளர் தொடங்க வேண்டும்.

கையையும் கண்ணையும் மூளை ஒரே மாதிரி ஆள்வதில்லை. வலது கையை இயக்குவது பெரும்பாலும் மூளையின் இடது பாதி. கண்ணிலிருந்து வரும் நரம்புகளோ பிரிந்து, ஒவ்வொரு கண்ணின் செய்தியும் மூளையின் இரண்டு பாதிக்கும் போகிறது. அதனால் ஒன்றை வைத்து மற்றதை உறுதியாகக் கணிக்க முடியாது. சோதித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

வீட்டிலேயே எப்படிச் சோதிப்பது?

ஏ4 தாளின் நடுவில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஓட்டை போடுங்கள். மூன்று நான்கு மீட்டர் தள்ளி, சுவரில் மாட்டிய தினசரி காலண்டரின் தேதிக்கு நேராக நில்லுங்கள். தலை நேராக இருக்கட்டும். தாளை இரண்டு கையாலும் பிடித்து, கைகளை முழுதாக நீட்டி, இரண்டு கண்ணும் திறந்த நிலையில் ஓட்டை வழியே தேதியைப் பாருங்கள். தேதி தெரிந்ததும் கையை அசைக்காமல் இடது கண்ணை மூடுங்கள். தேதி அப்படியே தெரிந்தால் வலது கண் ஆதிக்கம். மறைந்துவிட்டால் இடது கண். பிறகு தேதியைப் பார்த்தபடியே தாளை மெல்ல முகத்தருகே கொண்டுவாருங்கள். ஓட்டை தானாகவே ஒரு கண்ணுக்குப் போய்ச் சேரும். இரண்டு விடையும் ஒன்றாக இருக்க வேண்டும்.

தாளை இரண்டு கையாலும் பிடிக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரு கையால் பிடித்தாலோ ஒரு விரலை நீட்டினாலோ அந்தக் கை இருக்கும் பக்கமே விடை சாய வாய்ப்புண்டு. தலையைத் திருப்பி ஓரக்கண்ணால் பார்த்தாலும் விடை மாறும். பார்வை பக்கவாட்டில் வெகுதூரம் போகும்போது ஆதிக்கமே இடம் மாறக்கூடியது.

சிறு பிள்ளைகளிடம் "எந்தக் கண் என்று பார்க்கப் போகிறோம்" என்று சொல்லாதீர்கள். சொன்னால் அவர்களாகவே ஒரு கண்ணை முடிவு செய்துகொள்வார்கள். ஓட்டை வழியே தேதியைப் படித்துச் சொல்லச் சொல்லுங்கள், போதும். கோலி அடிக்கும்போது எந்தக் கண்ணை மூடுகிறார்கள், கதவிடுக்கில் எந்தக் கண்ணை வைக்கிறார்கள் என்று கவனித்தாலும் நல்ல தடயம் கிடைக்கும்.

ஒன்றை மட்டும் ஒருபோதும் செய்யாதீர்கள்: துப்பாக்கியை எதிரில் நிற்பவரின் கண்ணை நோக்கிப் பிடிக்கச் சொல்லி "எந்தக் கண் தெரிகிறது" என்று பார்ப்பது. குண்டு இல்லாத துப்பாக்கி என்றாலும் கூடாது. தாள் இருக்கும்போது அதற்குத் தேவையே இல்லை.

ஒவ்வொரு முறையும் வேறு வேறு விடை வருகிறதே?

வெவ்வேறு நாட்களில், வெவ்வேறு தூரத்தில் ஐந்தாறு முறை பாருங்கள். எல்லாம் ஒரே பக்கம் என்றால் உறுதியான ஆதிக்கம். நான்குக்கு இரண்டு என்பது போல வந்தால் ஆதிக்கம் பலவீனமானது. தேதி ஓட்டையின் ஓரத்தில் பாதி தெரிவதும் அதே செய்திதான். இப்படிப்பட்டவர்கள் எந்தத் தோளையும் தேர்ந்தெடுக்கலாம்; கை வசதியைப் பார்த்து முடிவு செய்து, மற்றக் கண்ணுக்கு மறைப்பு (கீழே சொல்கிறோம்) போட்டுக்கொண்டால் போதும். களைத்த கண்ணோடு, நீண்ட நேரம் செல்போன் பார்த்த கையோடு சோதிக்க வேண்டாம்.

பிள்ளை எந்தக் கைக்காரன் என்பதில் என்ன சந்தேகம்? எழுதுவது வலது கையால்தானே?

எழுதுவதையும் சாப்பிடுவதையும் வைத்து முடிவு செய்யாதீர்கள். நம் வீடுகளில் இடது கையால் சாப்பிட விடமாட்டார்கள். பள்ளியில் எழுதுவதையும் பலருக்கு மாற்றிவிட்டிருப்பார்கள். யாரும் திருத்தாத வேலைகளைப் பாருங்கள்: பந்தை எந்தக் கையால் எறிகிறான், சுத்தியல் எந்தக் கையில், ஒற்றைக் கையால் கேட்ச் பிடிக்க எந்தக் கை நீள்கிறது, தீக்குச்சியை எந்தக் கையால் உரசுகிறான். பீச்சாங்கையால் எறிகிற பிள்ளைக்குப் பிஸ்டலை வலது கையில் திணிப்பது வீண் பாடு.

ஏர் ரைபிளுக்கு எந்தத் தோள்?

ஆதிக்கக் கண் இருக்கும் பக்கத் தோள். புதிதாகத் தொடங்குபவருக்கு இதில் நாங்கள் விட்டுக்கொடுப்பதில்லை.

வலது கைக்காரரை இடது தோளுக்கு அனுப்பினால் பெற்றோர் பதறுவார்கள். 10 மீட்டர் ஏர் ரைபிளில் ஒவ்வொரு கையும் என்ன செய்கிறது என்று பாருங்கள். ஐந்து கிலோவை ஒட்டிய எடையைத் தாங்குவது முன்னால் இருக்கும் கை. விதிப்படி ரைபிள் 5.5 கிலோ வரை இருக்கலாம். பின்னால் இருக்கும் கையின் வேலை, மிக மென்மையான விசையை (டிரிகரை) ஒரு விரலால் அழுத்துவது. இடது தோளுக்கு மாறும் வலது கைக்காரருக்கு, பலமான கை தாங்குகிற வேலைக்கு வருகிறது. இடது ஆள்காட்டி விரல் விசையைப் பழகிக்கொள்ளும். கண்ணை அப்படிப் பழக்க முடியாது.

இலக்கின் அளவையும் யோசியுங்கள். ஏர் ரைபிள் இலக்கில் பத்து மதிப்பெண் புள்ளியின் விட்டம் 0.5 மில்லிமீட்டர். ஏர் பிஸ்டலில் அதுவே 11.5 மில்லிமீட்டர். ரைபிளில் கண் எவ்வளவு நிம்மதியாக இருக்கிறதோ அவ்வளவு மதிப்பெண்.

நிற்கும் நிலையை அப்படியே பக்கம் மாற்றினால் போதும். இடது தோள் என்றால் உடம்பின் வலப்பக்கம் இலக்கை நோக்கி, வலது முழங்கை வலது இடுப்பெலும்பின் மேல், முகம் நேராகத் திரும்பிக் கன்னம் ரைபிளின் கன்னக்கட்டையில் படிய வேண்டும்.

தவறான தோளில் தொடர்ந்து சுட்டால் என்ன ஆகும்?

முதலில் ஒன்றும் தெரியாது. பின்னால் இருக்கும் குறிப்பார்வைத் துளை, அதன் நேரே இருக்கும் கண்ணுக்கு மட்டுமே குழல் முனையில் உள்ள முன்குறியைக் காட்டுவதால் தவறு மறைந்துவிடுகிறது. சிக்கல் இருபதாவது முப்பதாவது குண்டுக்கு மேல் தலைகாட்டும். ஆதிக்கக் கண் வெறும் சுவரையும் பக்கத்து ஆளையும் பார்த்துக்கொண்டிருக்கும். மூளை அந்தக் காட்சியை முன்னால் கொண்டுவரும். வளையத்துக்குள் இருக்கும் கரும்புள்ளி மங்கி மங்கித் தெளியும். பிள்ளை அந்தக் கண்ணை இறுக்கி மூடும். கன்னத் தசை இழுக்கும், கன்னம் கட்டையிலிருந்து விலகும். 60 குண்டுப் போட்டியில் முதல் இரண்டு சுற்று நன்றாகவும் கடைசி இரண்டு சுற்று மோசமாகவும் வருவதைப் பயிற்சியாளர்கள் உடல் தெம்பின் குறை என்று எடுத்துக்கொள்வார்கள். முதலில் கண்ணைச் சோதியுங்கள்.

துளை இல்லாத திறந்த குறிப்பார்வையில் தவறு உடனே தெரியும். ஆதிக்கக் கண்ணைக் குறிக்கு நேரே கொண்டுவரப் பிள்ளை கழுத்தை வளைத்துக் கட்டைக்கு மேலே தலையைச் சாய்க்கும். தலை சாய்ந்தால் உள்காது தரும் சமநிலைச் செய்தியும் குழம்பும். நின்று சுடும்போது உடல் ஆடும்.

பயிற்சி இடத்தில் வலது கை ரைபிள் மட்டும்தான் இருக்கிறது. என்ன செய்வது?

எங்கும் உள்ள நடைமுறைச் சிக்கல் இது. மூன்று பாகங்களைத் தனித்தனியாகப் பாருங்கள்.

கன்னக்கட்டை: ஒரு பக்கத்துக்கென்று செதுக்கிய கட்டையை மறு தோளில் வைத்தால் கண் துளைக்கு நேரே வராது. உயரமும் பக்கவாட்டும் மாற்றக்கூடிய கட்டை என்றால் சரிசெய்யலாம். முடியாவிட்டால் இரு பக்கத்துக்கும் பொதுவான கட்டை உள்ள தொடக்கநிலை ரைபிளைக் கேளுங்கள்.

கைப்பிடி: வலது உள்ளங்கைக்கு வடிவமைத்த மரப்பிடியை இடது கையால் பிடித்தால் விசை விரல் கோணலாக விழும். இதற்கு இடது பிடி வாங்குவதைத் தவிர வழியில்லை. வாங்கும்போது அளவையும் பக்கத்தையும் எழுத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள். இடது பிடி கடையில் தயாராக இருப்பது அரிது. போட்டிக்கு முந்தைய மாதம் தேடாதீர்கள்.

போல்ட் அல்லது இழுநெம்பு (குண்டு ஏற்ற இழுக்கும் பாகம்): வலப்பக்கம் இருந்தால் இடது தோள்காரருக்கு வேகம் குறையும், துல்லியம் குறையாது. சில போட்டி ரைபிள்களில் நெம்பைப் பக்கம் மாற்றிப் பொருத்தலாம். என்.சி.சி.யில் படுத்துச் சுடும்போது இடது கையை மேலாகக் கொண்டுபோய் வலப்பக்க போல்ட்டை இழுக்க வேண்டியிருக்கும். ஒவ்வொரு முறையும் தோளில் வைத்த இடம் நகர்கிறதா என்று பாருங்கள்.

அனைவரும் வலது தோளில்தான் என்று பயிற்றுநர் கண்டிப்பாகச் சொன்னால், கீழே சொல்லும் கண் மறைப்புக்கு அனுமதி கேளுங்கள்.

பிஸ்டலில் ஏன் வேறு விதி?

பிஸ்டலைக் கன்னத்தில் பதிப்பதில்லை. கை நீட்டிய தூரத்தில் இருக்கிறது. இரண்டு கண்ணுக்கும் இடையே உள்ள தூரம் ஆறு செ.மீ. சொச்சம்தான். வலது கையில் பிடித்து இடது கண்ணால் பார்க்க, கையோ தலையோ அந்தச் சிறிய அளவு நகர்ந்தால் போதும். விசையை நேராக அழுத்துவதும் ஒற்றைக் கையால் ஆடாமல் பிடிப்பதும்தான் கடினமான வேலை. ஏர் பிஸ்டலின் விசை எடை குறைந்தது 500 கிராம் இருந்தாக வேண்டும். அந்த வேலையைத் தேர்ந்த கை செய்யட்டும்.

கண்ணை மூடிக் கையை உயர்த்துங்கள். கண்ணைத் திறந்தால் குறிகள் ஆதிக்கக் கண்ணுக்கு நேரே இருக்கின்றனவா? இல்லையென்றால் பின்னங்காலைச் சிறிது சிறிதாக நகர்த்தி மீண்டும் பாருங்கள். மணிக்கட்டை மடக்கிச் சரிசெய்யாதீர்கள். தலையைத் திருப்பலாம், தோள் மேல் சாய்க்கக் கூடாது.

கை மாற்றுவது முடியவே முடியாதா என்றால், முடியும். ஹங்கேரி ராணுவ வீரர் கரோலி தகாச் 1938-ல் கையெறி குண்டு வெடித்து வலது கையில் படுகாயம் அடைந்தார். இடது கையால் பழகி, 1948 லண்டன், 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக் இரண்டிலும் 25 மீட்டர் ரேபிட் ஃபயர் பிஸ்டலில் தங்கம் வென்றார். வேறு வழியில்லாத நிலையில் செய்தது அது. கண்ணுக்காக மட்டும் பிஸ்டல் கையை மாற்ற வேண்டியதில்லை.

பறக்கும் தட்டுகளைச் சுடும் டிராப், ஸ்கீட் போன்ற ஷாட்கன் பிரிவுகளில்?

புதுக்கோட்டையைச் சேர்ந்த பிருத்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் டிராப் பிரிவில் பங்கேற்ற பிறகு நம் பக்கத்திலும் இந்தக் கேள்வி வருகிறது. ஷாட்கன்னில் பின்குறி கிடையாது. உங்கள் கண்தான் பின்குறி. எனவே தவறான கண் பார்த்தால் சேதம் இங்கேதான் மிக அதிகம்.

கணக்குப் போடுங்கள். துப்பாக்கி வலது தோளில். குழல் முனையில் முன்குறியாக இருக்கும் மணி கண்ணிலிருந்து சுமார் ஒரு மீட்டர். இடது கண் அந்த மணியைத் தட்டின் மேல் பொருத்துகிறது. அப்போது குழல் இலக்குக்கு இடப்பக்கம் திரும்பியிருக்கும். கண்களுக்கு இடையே 6.3 செ.மீ. என்றால், 30 மீட்டர் தூரத்தில் விலகல் 29 மடங்கு, அதாவது சுமார் 1.8 மீட்டர். தட்டின் விட்டமோ 11 செ.மீ. ஷாட்கன்னிலிருந்து சிதறும் சன்னம் (சிறு குண்டுகள்) எவ்வளவு பரந்தாலும் இதை ஈடுகட்டாது.

தோளை மாற்றுவதே சிறந்தது. மாற்ற முடியாதவர்கள் இரண்டு கண்ணையும் திறந்து வைத்து, கண்ணாடியில் ஆதிக்கக் கண் பக்கம் விரல்நுனி அளவுக்கு மங்கலான டேப் ஒட்டலாம். குண்டில்லை என்று இருவர் பார்த்து உறுதி செய்த துப்பாக்கியை, ஆளில்லாத பாதுகாப்பான திசையில் தோளில் வைத்து, குழல் முனை மறையும் இடத்தில் ஒட்ட வேண்டும். சுற்றுப் பார்வை அப்படியே இருக்கும். தட்டு கிளம்புவது தெரியும்.

ஒரு கண்ணை மூடிச் சுட்டால் போதாதா?

நான்கைந்து குண்டுக்குப் போதும். நீண்ட நேரத்துக்கு ஆகாது. ஒரு கண்ணுக்கு வெளிச்சத்தை நிறுத்தினால் மறு கண்ணின் பாவையும் (நடுவில் உள்ள கருந்துளை) சேர்ந்து விரியும். இரண்டு பாவைகளும் இணைந்தே இயங்குபவை. பாவை விரிந்தால் முன்குறியும் இலக்கும் ஒருசேரத் தெளிவாகத் தெரிவது குறையும். இறுக்கி மூடுவதால் வரும் தசைக் களைப்பு வேறு.

அதனால் குறிபார்க்காத கண்ணுக்கு வெளிச்சம் விடுகிற, உருவம் காட்டாத மறைப்பு வேண்டும். பால் வெள்ளை பிளாஸ்டிக் டப்பா மூடியில் வெட்டினால் போதும். கறுப்பு அட்டை வேண்டாம். சர்வதேச விதிப்படி தலைப்பட்டையிலோ கண்ணாடியிலோ மாட்டும் முன்மறைப்பு 30 மில்லிமீட்டர் அகலத்தைத் தாண்டக் கூடாது. ரைபிளின் பின்குறியில் பொருத்தினால் உயரம் 30 மில்லிமீட்டர், துளையின் மையத்திலிருந்து 100 மில்லிமீட்டர் வரை நீளலாம். முதல் நாளே இந்த அளவில் வெட்டிப் பழகுங்கள். உபகரணச் சோதனையில் பிடுங்கிவிட்டால் அன்றைய ஆட்டம் கெடும்.

நம் ஊர்ப் புழுக்கத்தில் செல்லோடேப் வியர்வையில் கழன்று வரும். கொக்கி வைத்து மாட்டும் மறைப்பே நிலைக்கும். முகத்தோடு ஒட்டி இருந்தால் கண்ணாடியில் ஆவி படியும். விரல் இடைவெளி விடுங்கள்.

குண்டெல்லாம் இடப்பக்கம் போகிறது. கண்தான் காரணமா?

அவசரப்பட வேண்டாம். வலது கைப் பிஸ்டல்காரரின் குண்டுகள் இடது கீழ்மூலையில் விழுந்தால் பெரும்பாலும் விசையை வெடுக்கென்று இழுப்பதே காரணம். ரைபிளில் எல்லாக் குண்டும் ஒரே இடத்தில் நெருக்கமாக, ஆனால் தள்ளி விழுந்தால் குறிப்பார்வைத் திருகைத் திருப்புங்கள். திறந்த குறிப்பார்வையில் பக்கவாட்டில் இரண்டு தனிக் குவியல்கள் விழுந்தால்தான் கண் மாறி மாறிப் பார்க்கிறதோ என்று சந்தேகிக்கலாம். மறைப்பு மாட்டிப் பத்துக் குண்டு, கழற்றிப் பத்துக் குண்டு சுட்டு அட்டைகளை ஒப்பிடுங்கள்.

இரண்டு ஆண்டாகச் சுடுகிறேன். இப்போது தோளை மாற்றலாமா?

சில மாதங்களே ஆனவர் என்றால் மாற்றிவிடுங்கள். ஆண்டுகள் ஆகி, மறைப்போடு கடைசிச் சுற்று வரை மதிப்பெண் நிலையாக இருந்தால் மாற்றத் தேவையில்லை. மாற்றுவதாக இருந்தால் போட்டி இல்லாத காலத்தில் தொடங்குங்கள். முதலில் குண்டில்லாமல் தோளில் வைத்து இறக்குவது மட்டும், தினம் கால் மணி நேரம். கண்ணை மூடித் தோளில் வைத்து, திறந்தால் துளை கண்ணுக்கு நேரே இருக்கும் வரை அடுத்த படிக்குப் போக வேண்டாம். பிறகு தாங்கி வைத்துச் சுடுங்கள், அதன்பின் நின்று சுடுங்கள். பழைய தோளுக்கு நடுநடுவே திரும்பாதீர்கள், இரண்டும் கெடும்.

வெறும் விசைப் பயிற்சியில் ஓர் எச்சரிக்கை. ஸ்பிரிங் ஏர் ரைபிளைப் பெல்லட் இல்லாமல் சுட்டால் பிஸ்டன் முட்டி சீல் சேதமாகும். .22 ரைபிளில் ஊசி, அறையின் விளிம்பைத் தட்டி நசுக்கும்; போலித் தோட்டா போடுங்கள். அழுத்தக் காற்று ரைபிளில் அதற்கென உள்ள அமைப்பைப் பயன்படுத்துங்கள்.

ஆதிக்கக் கண்ணையே மாற்ற முடியுமா?

பெரியவர்களுக்கு நம்பத்தக்க முறையில் முடியாது. பிள்ளைகளுக்கு வீட்டிலேயே நாள் முழுதும் கண்ணைக் கட்டிப் பழக்குவது ஆபத்து; வளரும் கண்ணின் பார்வையையே பாதிக்கலாம். கண்ணைக் கட்டும் சிகிச்சை கண் மருத்துவர் சொல்லி மட்டுமே செய்ய வேண்டியது.

கண்ணாடி போடுபவர்கள் கவனிக்க வேண்டியது?

ஆதிக்கக் கண்ணில் கண்புரை, சோம்பேறிக் கண், திருத்த முடியாத மங்கல் இருந்தால் எங்கள் விதி மாறும். தெளிவான கண் இருக்கும் தோளுக்குப் போங்கள். சோதனைக்கு முன் பார்வை அளவு எடுத்துவிடுங்கள். பழைய அளவுக் கண்ணாடியோடு செய்த சோதனை ஏமாற்றும்.

ரைபிளைக் கன்னத்தில் பதித்ததும் கண் லென்ஸின் நடுவில் பார்ப்பதில்லை. மூக்கோர மேல்மூலை வழியே பார்க்கிறது. படுத்துச் சுடும்போது இன்னும் மோசம். அங்கே லென்ஸ் உருவத்தை நகர்த்திக் காட்டும். பைஃபோக்கல், புரோகிரஸிவ் லென்ஸ்களில் தலையை ஏற்றி இறக்க நேரும். சுடுவதற்கு ஒற்றை அளவு லென்ஸ் வாங்குங்கள். ஆப்டோமெட்ரிஸ்டிடம் "தூரப் பார்வைக்கு" என்று மட்டும் சொல்லாமல், முன்குறி கண்ணிலிருந்து எத்தனை சென்டிமீட்டரில் இருக்கிறது என்று அளந்து கொண்டுபோய்ச் சொல்லுங்கள்.

வீட்டுத் தோப்பில், வயல் வரப்பில் ஏர் கன்னோடு பழகலாமா?

குழல் விட்டம் 4.5 மில்லிமீட்டரையும் குண்டு வெளிவரும் ஆற்றல் 20 ஜூலையும் தாண்டாத ஏர் கன்னுக்கு 2016 ஆயுத விதிகளின்படி உரிமம் தேவையில்லை. அதற்காக எங்கும் சுடலாம் என்றாகாது. பெல்லட் தென்னை மரத்தில் பட்டுத் திரும்பி வரும். வயலில் ஆள் குனிந்து நிற்பது தெரியாது. கொக்கையும் நாரையையும் குறிவைப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வடுவூர் ஏரியிலும் கோடியக்கரையிலும் வந்து இறங்குகிற பறவைகள் இதே வயல்களில்தான் இரை தேடுகின்றன. கண்ணுக்கும் தோளுக்கும் வேண்டிய பயிற்சியில் முக்கால் பங்கு குண்டில்லாமல் சுவரைப் பார்த்தே செய்யக்கூடியது. மீதியைப் பின்தடுப்பு உள்ள பயிற்சி இடத்தில், பொறுப்பாளர் முன்னிலையில் செய்யுங்கள்.